கோழிக்கால் மூட்டில் ஒரு பழுப்புத் தழும்பு: வாங்குகிற எனக்கு இதில் எவ்வளவு பங்கு?

உப்புக்கல் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. இருபது வருடமாகக் கோழி கழுவிக்கொண்டிருக்கிறேன். தோலுரிக்காத கால் துண்டுகளில், பாதத்தை வெட்டிய இடத்துக்குச் சற்று மேலே, மூட்டின் பின்பக்கம் ஒரு பழுப்புப் பொருக்கு இருக்கும். சிலதில் மிளகு அளவு. சிலதில் என் சுண்டுவிரல் நகம் அளவு, தொட்டால் சொரசொரப்பாக. எங்கேயாவது அடிபட்டிருக்கும் என்று நினைத்து, கத்தி நுனியால் ஒரு சுழற்றுச் சுழற்றிச் சீவி எறிந்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விடுவேன். கை தானாகச் செய்கிற வேலை. மனம் வேறெங்காவது இருக்கும்.

போன மாதம் வேறு எதையோ தேடும்போதுதான் அது அடி இல்லை என்று படித்தேன். கோழி தன் எச்சத்தின் மேலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, அதிலிருந்து வரும் அம்மோனியா தோலைச் சுட்ட புண்ணாம். அன்றைக்கு ஆறு கால் வாங்கியிருந்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நாலில் இருந்தது.

உடனே கறியை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். அன்றும் சமைத்தேன், சாப்பிட்டேன். ஆனால் அந்தத் தழும்பைச் சீவும்போது ஏதோ தடயத்தை அழிக்கிற மாதிரி இருந்தது. பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். கோழி ஏற்கெனவே செத்துவிட்டது, நான் வாங்காவிட்டால் அது உயிரோடு எழுந்து நடக்கப்போவதில்லை. நான் ஒருத்தி நிறுத்தினால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நான் எடுக்காததை அடுத்தவர் எடுத்துப் போவார். மூன்றுமே சரியாகத்தான் படுகின்றன. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறது என்றால் எங்கோ இடிக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு எனக்கு ஹீமோகுளோபின் 9.2க்கு இறங்கியது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. கறி, ஈரல் என்று சாப்பிட்டுத்தான் ஏறியது. ஆகவே 'நாளையிலிருந்து விட்டுவிடு' என்பது எனக்கு அத்தனை எளிதான பதில் இல்லை.

கேட்பது இதுதான். கொன்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர். கடைசியில் வாங்கிய எனக்கு இதில் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு? கறி தின்பவர் மட்டம், தின்னாதவர் உசத்தி என்கிற பேச்சு வேண்டாம், அது எனக்கு அலுத்துவிட்டது. குறளும் வேண்டாம், பள்ளியிலேயே மனப்பாடம் செய்தாயிற்று.

மூன்றாம் பந்தி

அம்மா, உங்கள் இரண்டாவது சமாதானத்துக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் 'யாருக்கும் தெரியாது' என்று நீங்கள் சொல்கிற அந்த 'யாரோ' நான்தான்.

ஒரு மாணவர் விடுதி மெஸ்ஸில் சரக்கு ஆர்டர் போடுகிறவன் நான். பதினோரு வருடம். கோழி 5 கிலோ பொட்டலமாகத்தான் வரும், பிரித்துத் தரமாட்டார்கள். எலும்போடு ஆளுக்கு 180 கிராம் என்று வைத்தால் ஒரு பொட்டலம் 28 பேருக்கு. வழக்கமாக 10 பொட்டலம். இரவு பத்து மணிக்கு அண்டா காலியானதும் மிச்சத்தை எடை போட்டு நோட்டில் எழுதுவேன். அடுத்த வாரத்து ஆர்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

இப்போது கேளுங்கள். ஒரு பையன் கறியை நிறுத்துகிறான். எனக்குத் தெரியாது, மிச்சம் 180 கிராம் கூடும், அவ்வளவுதான். இன்னும் நாலு பேர் நிறுத்துகிறார்கள். அப்போதும் 10 பொட்டலம்தான். மிச்சம் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ என்று ஏறும். நானும் 'இன்றைக்குப் பரீட்சை, பசங்க சரியாகச் சாப்பிடவில்லை' என்று ஏதாவது காரணம் எழுதி வைப்பேன். ஒரு நாள் மிச்சம் 5 கிலோவைத் தொடும். அந்த வாரம் பேனாவை எடுத்து 10ஐ அடித்து 9 என்று எழுதுவேன்.

ஆக, 27 பேர் நிறுத்தும்வரை ஒன்றும் நடக்கவில்லை. 28ஆவது ஆள் நிறுத்தியதும் ஒரே அடியாக ஒரு பொட்டலம், அதாவது மூன்று கோழி குறைகிறது. அந்த 28ஆவது ஆள் யார்? யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் நிறுத்தும் நாளில் நீங்கள் 6ஆவது ஆளாக இருக்கலாம், 28ஆவது ஆளாகவும் இருக்கலாம். 28இல் ஒரு வாய்ப்பு, ஆனால் விழுந்தால் மூன்று கோழி. கூட்டிக் கழித்தால் ஒரு தட்டுக்கு ஒன்பதில் ஒரு பங்கு கோழிதான் வருகிறது. நீங்கள் தின்ற அளவும் கிட்டத்தட்ட அதேதான்! 'நான் ஒருத்தி நிறுத்தி என்ன' என்ற கேள்வியின் பதில் பூஜ்யம் இல்லை. பெரும்பாலான நாள் பூஜ்யம், என்றோ ஒரு நாள் மொத்தமாக.

நான் தத்துவம் படித்தவன் இல்லை. ஷெல்லி கேகன் என்று ஒரு தத்துவப் பேராசிரியர் கோழிப் பெட்டியை வைத்தே இதைச் சொல்லியிருக்கிறார் என்று எங்கள் விடுதிப் பெண் ஒருத்தி பிற்பாடு சொன்னாள். அவர் கணக்கில் பெட்டிக்கு 25 கோழியாம். எனக்கு மெஸ் நோட்டே போதும்.

சும்மா கேட்கிறேன்

மேலே உள்ளவர் கணக்கு அழகுதான். ஆனால் சந்தை என்பது ஒரு மெஸ் நோட்டு மட்டும் இல்லையே சார். உங்கள் ஆர்டர் 9 ஆனால், அந்தப் பத்தாவது பொட்டலத்தை மொத்த வியாபாரி வேறொருவருக்குக் குறைந்த விலையில் தள்ளிவிடுவார். விலை இறங்கினால் இன்னொருவர் கூடுதலாக வாங்குவார். உப்புக்கல் சொன்ன மூன்றாவது சமாதானம் அப்படியே நிற்கிறது.

எனக்கு இந்த 'வாங்குபவர் பொறுப்பு' என்ற பேச்சின் மேலேயே கோபம் உண்டு. ஒரு மனிதர் நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து கறி வாங்குகிறார். அவர் கோழியின் கால் மூட்டைப் பார்க்கவேண்டும், கைபேசி பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட் உலோகத்தை யார் தோண்டினார் என்று பார்க்கவேண்டும், சட்டையை எந்தக் குழந்தை தைத்தது என்று பார்க்கவேண்டும், செருப்பின் தோல் யாருடையது என்று பார்க்கவேண்டும். முடிகிற காரியமா? தப்பு நடக்கிற இடம் ஒன்று, குற்ற உணர்ச்சி போய்ச் சேர்கிற இடம் வேறு. இது தப்பு செய்பவருக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

வேலைக்கு ஆகிறது சட்டம்தான். முட்டைக் கோழியை இறக்கைகூட விரிக்க முடியாத வெறும் கம்பிக்கூண்டில் அடைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் தடைசெய்தது. 2012இல் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது. முட்டையிடும் ரகத்தில் பொரிக்கிற ஆண் குஞ்சுக்கு உபயோகம் இல்லை என்று பிறந்த அன்றே கொல்வார்கள். உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறத்தாழ 700 கோடி என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரியில் அதைச் சட்டப்படி நிறுத்தியது. எத்தனை லட்சம் பேர் கடையில் நின்று லேபிள் படித்திருந்தால் இது நடந்திருக்கும்?

அப்புறம், கறியை விட்டவர்கள் கை சுத்தம் என்று யாரும் நினைக்கவேண்டாம். உழும்போதும் அறுக்கும்போதும் எலி, தவளை, பறவைக்கூடு என்று எத்தனை போகிறது? ஸ்டீவன் டேவிஸ் என்பவர் 2003இலேயே இதைக் கேட்டிருக்கிறார். தட்டில் பிணம் தெரியவில்லை என்பதற்காக ரத்தமே சிந்தவில்லை என்றாகிவிடாது.

அரைக்கணக்கு

சும்மா கேட்கிறேன், நீங்கள் சொன்ன விலை விஷயத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நார்வுட், லஸ்க் என்று இரண்டு வேளாண் பொருளியலாளர்கள் 2011இல் ஒரு புத்தகத்தில் போட்ட கணக்கு, அமெரிக்கச் சந்தைக்கானது. ஒருவர் 1 பவுண்டு கோழிக்கறியை விட்டால் மொத்த உற்பத்தி 0.76 பவுண்டு குறைகிறது. மாட்டிறைச்சி என்றால் 0.68. பால் 0.56. முட்டை ஒன்றுக்கு 0.91. மீதியைத்தான் நீங்கள் சொல்கிற அந்த 'இன்னொருவர்' மலிவு விலையில் வாங்கித் தின்கிறார். அதாவது உங்கள் வாதம் சரி, கால் பங்குக்குச் சரி. முக்கால் பங்கு மூன்றாம் பந்தியின் நோட்டுப் பக்கம்.

எலி கணக்கும் இப்படித்தான். கோழியும் பன்றியும் காற்றைத் தின்று வளரவில்லை, அவற்றுக்கும் வயலில் அறுத்த சோளமும் சோயாவும்தான் தீவனம். பிராய்லர் 1 கிலோ உயிர் எடை கூட ஒன்றரைக் கிலோ தீவனமாவது ஆகும். அதில் எலும்பையும் இறகையும் குடலையும் கழித்தால் தட்டுக்கு வருவது இன்னும் குறைவு. எலிக்காக இரக்கப்படுபவர் கறி தின்றால் அதிக எலிக்குத்தான் செலவு வைக்கிறார். பூர், நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் சயன்ஸ் இதழில் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். உலக வேளாண் நிலத்தில் 83 சதவீதம் இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் இவற்றுக்குப் போகிறது. அதிலிருந்து கிடைப்பது மொத்தக் கலோரியில் 18, புரதத்தில் 37 சதவீதம்.

உப்புக்கல்லுக்கு ஒரு எச்சரிக்கை. 'மாட்டை விட்டுக் கோழிக்கு மாறுகிறேன், பூமிக்கு நல்லது' என்று நிறையப் பேர் கிளம்புகிறார்கள். கரியமில வாயுக் கணக்கில் நல்லதுதான். ஆனால் ஒரு மாடு தருகிற இறைச்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோழி வேண்டும். உலகில் வருடத்துக்கு 7,000 கோடிக்கும் மேல் கோழி அறுபடுவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். எதைக் குறைக்கிறோம் என்று முதலில் முடிவுசெய்துகொள்ளவேண்டும்.

தூக்குக்கூடை

இதுவரை பேசியவர்களில் யாரும் ஷெட்டுக்குள் போனதில்லை என்று நினைக்கிறேன். நான் நாலு வருடம் பிராய்லர் ஷெட்டில் வேலை பார்த்தவன். அக்கா கேட்ட தழும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருநாள் குஞ்சு வந்து இறங்கும்போது தரையில் உமியோ மரத்தூளோ புதிதாகப் பரப்பியிருப்போம். லிட்டர் என்போம். நல்ல வாசனையாக இருக்கும். குஞ்சு கையில் எடுத்தால் 40 கிராம், பஞ்சு மாதிரி. அதே குஞ்சு 40 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும். நெஞ்சுக்கறிக்காகவே பார்த்துப் பார்த்து உருவாக்கிய ரகம். எலும்பும் காலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கடைசி பத்து நாளில் பெரும்பாலான நேரம் உட்கார்ந்தேதான் இருக்கும். தீவனத்துக்கு எழும், நாலடி நடக்கும், மறுபடி உட்காரும். உட்காரும்போது தரையில் படுவது நெஞ்சும் அந்தக் கால் மூட்டும்.

லிட்டர் காய்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர்க் குழாய் ஒழுகினாலோ, காற்றோட்டம் குறைந்தாலோ, எச்சம் ஈரமாகிக் கட்டி தட்டிவிடும். அப்போதுதான் அம்மோனியா கிளம்பும். காலையில் திரையைத் தூக்கும்போது கண்ணில் நீர் கொட்டும், தொண்டையில் பிடிக்கும். நான் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவேன். அவற்றுக்கு மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும்! தினம் இரண்டு தடவை முள்கரண்டியால் லிட்டரைக் கிளறிவிடவேண்டும் என்பது விதி. 10,000 கோழி, இரண்டு ஆள். கடைசி வாரம் கிளறப் போனால் கோழி ஒதுங்கவே ஒதுங்காது, ஒதுங்க இடமும் இருக்காது.

அறுக்கிற இடத்தில் இந்தத் தழும்பை எண்ணுகிறவர்கள் உண்டு. நூற்றுக்கு இத்தனை காலில் இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். ஷெட் எப்படி இருந்தது என்பதற்கு அது ரசீது மாதிரி. ஆகவே நீங்கள் அதைத் தடயம் என்று சொன்னது சரிதான்.

எங்களுக்குக் கூலி எப்படி என்றால், ஒரு கிலோ கோழிக்கு எவ்வளவு தீவனம் செலவானது என்பதை வைத்து. எஃப்.சி.ஆர். என்பார்கள். அது குறைந்தால் கையில் நாலு காசு கூடும். பழைய லிட்டரை மாற்றுவதும், பேட்சுக்குக் கோழியைக் குறைத்து விடுவதும், மெதுவாக வளரும் ரகத்துக்குப் போவதும் நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் கிலோவுக்கு விலையைக் கூட்டும். வேண்டாம் என்று சொல்வது யார்? கம்பெனி மொத்த வியாபாரியைக் கைகாட்டும். வியாபாரி கடைக்காரரைக் கைகாட்டுவார். கடைக்காரர் 'ஜனம் வாங்காது' என்பார். ஜனம் யாரைக் கைகாட்டும் என்று இந்தப் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கடைசியில் ராத்திரி இரண்டு மணிக்கு நீல விளக்கு வெளிச்சத்தில் ஒரு கைக்கு நாலு என்று காலைப் பிடித்துத் தூக்கிக் கூடையில் திணிக்கிற எனக்குத்தான் கல் நெஞ்சு என்று பெயர்.

நான் இப்போதும் கறி தின்கிறேன். யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் 'கொன்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர்' என்று வரிசை போட்டுவிட்டு, அதில் கடைசி ஆள் மட்டும் வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி எழுதவேண்டாம் அக்கா. நான் வளர்த்தது எனக்காக இல்லை.

ஓரெழுத்து

தூக்குக்கூடை அவர்களின் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

குறள் வேண்டாம் என்று உப்புக்கல் சொன்னார். மன்னிக்கவேண்டும், தமிழ் வாத்தியாரிடம் அப்படிச் சொல்லக்கூடாது. உபதேசத்துக்காகக் கொண்டுவரவில்லை, ஒரே ஒரு எழுத்துக்காக. 256ஆவது குறள். தின்பதற்காக உலகம் இப்படிச் செய்யாவிட்டால் விலைக்கு ஊன் தருபவர் யாரும் இருக்கமாட்டார் என்பது அதன் பொருள். என்ன செய்யாவிட்டால் என்பதில்தான் விஷயம். சில பதிப்புகளில் 'கொல்லாது' என்று இருக்கும், சிலவற்றில் 'கொள்ளாது' என்று இருக்கும். முதலாவதில் குற்றம் கத்தியில், இரண்டாவதில் பையில். வகுப்பில் பிள்ளைகள் லகர ளகரத்தை மாற்றி எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன். இந்தக் குறளில் மட்டும் எதைத் தப்பென்று சுழிப்பது என்று தெரியாமல் கை நிற்கும். கொள்பவர் இல்லாமல் கொல்பவர் இல்லை என்பதை ஓசையே சொல்லிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் பழையதுதான். பௌத்தத் துறவிகளுக்கு ஒரு விதி இருந்தது. தனக்கென்றே கொன்றதைப் பார்த்திருக்கக்கூடாது, கேட்டிருக்கக்கூடாது, அப்படியோ என்ற ஐயமும் இருக்கக்கூடாது. மூன்றும் இல்லையென்றால் பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த கறியை உண்ணலாம். உப்புக்கல்லின் முதல் சமாதானத்துக்கு இதைவிட நாகரிகமான வடிவம் எனக்குத் தெரியாது. ஆனால் அது பிச்சை வாங்குபவருக்கான விதி. அவர் இன்று வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுக்காரர் அதே அளவுதான் சமைக்கிறார். காசு கொடுத்து வாங்குபவர் அந்த இடத்தில் நிற்கமுடியுமா? காசு என்பது நாளைக்கும் இதையே கொண்டுவா என்ற சொல். மூன்றாம் பந்தியின் நோட்டில் அது பதிகிறது.

'எவ்வளவு பங்கு' என்று நேராகக் கேட்டு நேராகக் கணக்குப் போட்ட ஒருவர் இருக்கிறார். 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு துண்டு நூல் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைப் பற்றியது. வாரம் 5 பவுண்டு சர்க்கரையும் அதற்கேற்ற ரம்மும் வாங்குகிற ஒரு குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால், ஒரு மனிதர் அடிமையாவதோ கொலையாவதோ தடுக்கப்படும் என்று எழுதினார். கணக்கு சரியா என்பது வேறு. 'எல்லாரும் பாவிகள்' என்று பொதுவாகச் சொல்லாமல், உன் டப்பாவில் இருக்கும் இந்தச் சர்க்கரைக்கு இத்தனை மாதம் என்று அளந்து கையில் கொடுத்தார் பாருங்கள். லட்சக்கணக்கானோர் சர்க்கரையை விட்டதாகச் சொல்கிறார்கள்.

சும்மா கேட்கிறேன் அவர்களே, அடிமை வியாபாரத்தை நிறுத்தியது சர்க்கரைப் புறக்கணிப்பு இல்லை, 1807இல் வந்த சட்டம்தான் என்பீர்கள். உண்மை. ஆனால் 1792இல் நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் போயின. மனுப்போட்ட ஊர்களிலும் சர்க்கரையில்லாத தேநீர் குடித்த வீடுகள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதிலும் வாக்குரிமை இல்லாத பெண்களின் கையில் இருந்தது அந்தச் சர்க்கரை டப்பா ஒன்றுதான். வேண்டாம் என்று தினமும் ஒரு தடவை கையால் சொன்னவர்களுக்குச் சட்டம் கேட்கக் குரல் வந்தது என்று நான் படித்துக்கொள்கிறேன். முட்டைக் கூண்டுத் தடையும் வானத்திலிருந்து விழவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அடிமைப்பட்ட மனிதரையும் கோழியையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. வாங்குபவரின் பங்கை அளப்பது எப்படி என்பதற்கு மட்டும்தான் இந்த உதாரணம். இதற்கு மேல் இழுத்தால் அந்த மனிதர்களுக்கு அவமரியாதை.

சும்மா கேட்கிறேன்

சர்க்கரைக் கணக்கு எனக்குப் புதிது. ஒப்புக்கொள்கிறேன். 0.76ஐயும் ஒப்புக்கொள்கிறேன், அரைகுறை மனதோடு.

ஆனாலும் கோபால்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பங்கு உண்டு என்றால் எல்லாவற்றிலும் உண்டு. அப்படியானால் மனிதர் எங்கே நிறுத்துவது?

தூக்குக்கூடை

எல்லா ஷெட்டையும் ஒரே நாளில் கிளறமுடியாது தம்பி. அதற்காக ஒரு ஷெட்டையும் கிளறாமல் முள்கரண்டியைச் சாத்திவைத்துவிட்டுப் போனால் சூப்பர்வைசர் விடமாட்டார்.

உப்புக்கல்

எல்லாருக்கும் நன்றி. நாலு நாள் எழுதவில்லை, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

தூக்குக்கூடை, வரிசையில் என்னை நான் எங்கே நிறுத்தியிருந்தேன் என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. கேள்வியை எழுதும்போதே எனக்கு வேண்டிய பதிலை அதற்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். வருத்தம்.

இந்த வாரமும் கால் வாங்கினேன். இரண்டில் தழும்பு இருந்தது. இந்த முறை சீவவில்லை, அப்படியே போட்டேன். வெந்த பிறகும் தெரிகிறது, கருத்து ஒரு வட்டமாக. இவர் தட்டில் ஒன்று விழுந்தது. 'இது என்ன, கரிந்துவிட்டதா?' என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அதை மட்டும் பிய்த்துத் தட்டோரம் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார். இருபது வருடமாக அவருக்காக நான் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் பங்கு எவ்வளவு என்று கேட்டேன் இல்லையா, அதில் இந்தச் சீவுவதையும் சேர்க்கவேண்டும்போல.

இப்போதைக்கு நாங்கள் செய்திருப்பது இது. வாரம் மூன்று நாள் கறி இருந்தது, இனி ஒரு நாள். அந்த ஒரு நாளும் மெதுவாக வளர்ந்த கோழி கிடைத்தால்தான். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் மொத்தச் செலவு பழைய செலவைத் தாண்டாது. ரத்தம் மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்துப் பார்க்கவேண்டும். இறங்கினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, அப்போது வந்து இங்கேயே சொல்கிறேன். முட்டையைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்த ஆண் குஞ்சுக் கணக்கைப் படித்த பிறகு அது ஒரு தப்பிக்கும் வழியாகவும் தெரியவில்லை.

மூன்றாம் பந்தி அண்ணாவிடம் ஒரு சின்னக் கேள்வி. நான் வழக்கமாக வாங்கும் கடையில் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவேண்டுமா, போகாமல் இருந்தால் போதுமா?

மூன்றாம் பந்தி

சொல்லுங்கள் அம்மா, அதுவும் முன்கூட்டியே. எங்கள் மெஸ்ஸில் வியாழன் சாயங்காலம் ஆர்டர் போய்விடும், ஞாயிறு சமையல். சனிக்கிழமை ராத்திரி மனம் மாறிய பையன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாமல் போனால் அவன் பங்கு நேராகக் குப்பைத் தொட்டிக்கு. கோழி செத்ததும் வீண், அவன் பட்டினியும் வீண். மிச்சம் ஏன் என்று நானும் தப்பான காரணம்தான் எழுதிவைப்பேன். புதன்கிழமையே வந்து 'அண்ணா, இனி எனக்கு வேண்டாம்' என்று சொன்னவன் பெயரை நோட்டில் தனியாக எழுதுவேன். எட்டுப் பத்துப் பேர் அப்படிச் சேர்ந்தாலே போதும், மிச்சம் 5 கிலோவைத் தொடும்வரை காத்திருக்கமாட்டேன். அடுத்த ஆர்டரில் ஒரு பொட்டலம் குறைத்துப் பார்ப்பேன்.